எழுப்புதலும் எழுத்தும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க இலக்கியம் நமக்கு வந்து சேர்ந்த விதத்தில் ஒரு கோளாறு இருக்கிறது. ஆங்கில இலக்கிய பி.ஏ. வகுப்பில் எமர்ஸனின் ஒரு கட்டுரை, தோரோவில் ஒரு பகுதி, ஹாதர்னின் ஒரு நாவல், எமிலி டிக்கின்ஸனின் நாலு கவிதைகள் என்று படித்துவிட்டு வெளியே வந்தேன். நாலு பேரும் ஆளரவமற்ற ஒரு குளக்கரையில் தனித்தனியே உட்கார்ந்து பிரபஞ்சத்தைப் பற்றி யோசித்தவர்கள் என்கிற சித்திரம்தான் அந்த வகுப்பு தந்தது. சார்ல்ஸ் ஃபின்னி என்ற பெயரை அந்த மூன்று வருஷத்தில் யாரும் உச்சரித்ததில்லை. ஆனால் 1830களின் அமெரிக்காவில் எமர்ஸனைக் கேள்விப்படாதவர்களே பெரும்பாலோர். ஃபின்னியின் பெயரோ ஊர் ஊராக, பத்திரிகைக்குப் பத்திரிகை அடிபட்டுக்கொண்டிருந்தது.

எழுத்தாளனின் பற்றுறுதி எழுத்தைக் கெடுத்துவிடும் என்று ஒரு கட்சி. பற்றுறுதி இல்லாத எழுத்து வெறும் ஜரிகை வேலை என்று மறு கட்சி. இந்தச் சண்டையில் முதல் கட்சிக்காரர்கள் அமெரிக்காவிலிருந்து எடுக்கும் உதாரணம் ஹாதர்ன். மறு கட்சிக்காரர்கள் ஹாரியட் பீச்சர் ஸ்டோவ் அம்மையாரைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். இரண்டு உதாரணங்களுமே சரியில்லை என்பது என் அபிப்பிராயம். அதைச் சொல்ல ஃபின்னியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

கூடாரக் கூட்டங்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. 1801 ஆகஸ்டில் கெண்டக்கி மாநிலம் கெய்ன் ரிட்ஜில் 10,000க்கும் மேற்பட்டவர்கள் கூடியது, ஜனங்கள் வெட்டிய மரம்போலச் சாய்ந்தது, துள்ளியது, அலறியது எல்லாம் எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் கிடைக்கும். அந்த வினோதங்களில் லயித்துவிடுவது சுலபம். எனக்கு அவை அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. இருபத்தைந்து, முப்பது வருஷம் கழித்து அந்த ஆவேசத்தை ஒரு மனிதர் கைக்கு அடங்கிய காரியமாக ஆக்கினாரே, அதுதான் விஷயம்.

ஃபின்னி நியூயார்க் மாநிலத்தில் ஆடம்ஸ் என்ற சிற்றூரில் வக்கீலிடம் தொழில் பழகியவர். 1821 அக்டோபரில் ஊருக்கு வெளியே காட்டுக்குள் போய் ஜெபித்து மனந்திரும்பினார். மறுநாள் காலை வழக்கு விஷயமாக வந்த கட்சிக்காரரிடம், கிறிஸ்துவின் வக்காலத்து தமக்கு வந்துவிட்டது, இனி உம் வழக்கை நடத்த இயலாது என்று சொல்லி அனுப்பிவிட்டதாகத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். பிரசங்க பீடத்தில் ஏறிய பிறகும் அவர் வக்கீலாகவே இருந்தார். எழுதி வைத்து வாசிக்கும் பிரசங்கத்தைக் கைவிட்டார். ஜூரியிடம் வாதாடுகிற மாதிரி, எதிரே இருப்பவனின் முகத்தைப் பார்த்து 'நீ' என்று பேசினார். மனம் கலங்கியவர்கள் எழுந்து வந்து உட்கார முன்வரிசையில் தனியாக ஒரு பெஞ்சு போட்டார். பாவிகளின் பெயரைச் சொல்லி, எல்லோர் காதிலும் விழும்படி ஜெபித்தார். ஆண்கள் இருக்கும் சபையில் பெண்களும் வாய்விட்டு ஜெபிக்கலாம் என்றார் — பழைய பாதிரிமார்களுக்கு இதுதான் எல்லாவற்றையும்விட உறைத்தது. 1835ல் வெளிவந்த அவருடைய எழுப்புதல் சொற்பொழிவுகளின் சாரம் மிகவும் எளிமையானது. எழுப்புதல் அற்புதமல்ல, உரிய சாதனங்களை உரியபடி பிரயோகித்தால் விளைவது, விதைத்தவன் அறுப்பதுபோல.

இதன் துணிச்சல் புரிய வேண்டுமானால் இவர்களுடைய முப்பாட்டன்மாரை நினைத்துக்கொள்ள வேண்டும். நியூ இங்கிலாந்தின் ப்யூரிட்டன் ஒருவன் கிருபைக்காகக் காத்திருந்தான். வந்ததா, வந்த மாதிரித் தோன்றியதா என்று வருஷக் கணக்கில் தன்னையே நோண்டிக்கொண்டிருந்தான். அவன் நாட்குறிப்பு முழுக்க அந்தச் சந்தேகம்தான். ஃபின்னி அவனிடம் சொன்னது: காத்திருப்பதே பாவம். மனசு உன்னுடையது, மாற்றிக்கொள்ள உன்னால் முடியும், இன்று ராத்திரி, இந்தப் பெஞ்சில்.

சந்தேகத்துக்கு இருந்த கால அவகாசம் இதோடு போயிற்று. மனந்திரும்புதலுக்கு ஒரு அச்சு வந்துவிட்டது. முதலில் இருட்டு, பிறகு நடுக்கம், கண்ணீர், வெளிச்சம், பிறகு எழுந்து நின்று சாட்சி சொல்லுதல். அனுபவம் உண்மையாக நிகழ்ந்தவனுக்கும் இந்த அச்சுதான் கிடைத்தது, நிகழாதவனுக்கும் இதேதான். வெளியிலிருந்து கேட்பவனுக்கு இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க உரைநடையின் மையப் பிரச்னையே இங்கேதான் பிறக்கிறது என்று நினைக்கிறேன். கண்ணீர் ஒரு பொதுப் பாஷையாகிவிட்ட பிறகு, ஒருவன் உண்மையில் அழுகிறானா என்பதை எழுத்தில் எப்படிச் சொல்வது?

ஃபின்னியின் பெரிய வெற்றி 1830 செப்டம்பரிலிருந்து 1831 மார்ச் வரை ராச்செஸ்டர் நகரில். ஈரி கால்வாய் 1825ல் திறந்த பிறகு மாவு மில்களால் வீங்கிப் பெருத்த ஊர். அமெரிக்கச் சரித்திர ஆசிரியர் பால் ஜான்ஸன் 1978ல் வெளியிட்ட புத்தகத்தில் அந்த ஊரின் சபைப் பதிவேடுகளையும் வரிப் பட்டியல்களையும் ஒத்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வருகிறார். முன்பு முதலாளியும் தொழிலாளியும் ஒரே கூரையின் கீழ் சாப்பிட்டார்கள், பட்டறையிலேயே சேர்ந்து குடித்தார்கள். 1820களில் முதலாளி தன் குடும்பத்தோடு தனி வீட்டுக்குப் போய்விட்டான். தொழிலாளி வேறு தெருவுக்குப் போனான். அங்கே அவன் குடிப்பதைக் கண்காணிக்க ஆளில்லை. எழுப்புதல் முதலில் பிடித்தது இந்த முதலாளிகளைத்தான். வீட்டின் வழியாகச் செலுத்திய அதிகாரத்தைச் சபையின் வழியாகவும் மதுவிலக்குச் சங்கத்தின் வழியாகவும் அவர்கள் மீட்டெடுத்தார்கள் என்பது அவர் வாதம். நல்ல வாதம், பட்டியல்களோடு சொல்லப்பட்டது. ஆனால் இதோடு எல்லாம் விளங்கிவிட்டதென்று புத்தகத்தை மூடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பெஞ்சில் வந்து உட்கார்ந்த மில் முதலாளி கூலியாளை அடக்க யோசித்துக்கொண்டு அழவில்லை. அவன் அழுததும் நிஜம், அதனால் அவனுக்கு லாபம் கிடைத்ததும் நிஜம்.

லூயிஸ் டாப்பன் என்கிற நியூயார்க் பட்டு வியாபாரியை எடுத்துக்கொள்ளலாம். ஃபின்னியின் சபைகளுக்குப் பணம் கொடுத்தவர். 1833ல் தோன்றிய அமெரிக்க அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தூண்களில் ஒருவர். 1834 கலவரத்தில் ஒரு கும்பல் அவர் வீட்டுக்குள் புகுந்து சாமான்களைத் தெருவில் போட்டுக் கொளுத்தியது. அதே டாப்பன்தான் 1841ல், ஊர் ஊராக ஆள் வைத்து, கடன் கேட்கும் வியாபாரிகளின் நாணயத்தை விசாரித்துப் பேரேட்டில் பதிந்து விற்கும் ஏஜென்ஸியைத் தொடங்கியவர். இன்ன கடைக்காரன் குடிப்பானா, மனைவியோடு ஒழுங்காக இருக்கிறானா என்பதெல்லாம் அந்தப் பேரேட்டில் ஏறியது. வங்கியில் கடன் விண்ணப்பங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறவன் நான்; இந்தத் தொழிலின் மூல புருஷர்களில் ஒருவர் ஒரு எழுப்புதல்காரர் என்பது எனக்கு ஆச்சரியம் தரவில்லை. பாவியின் மனதைச் சபைக்கு முன் திறந்து காட்டுவதும், கடனாளியின் நடத்தையைப் பேரேட்டில் எழுதுவதும் ஒரே கையெழுத்து. டாப்பனைப் போலி என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். அவர் போலி அல்ல.

இந்த அலையின் ஒரு கிளை நம் பக்கமும் வந்து ஒதுங்கியது. 1810ல் அமைந்த அமெரிக்க அயல்நாட்டு மிஷன் போர்டு யாழ்ப்பாணத்துக்கு 1816லும் மதுரைக்கு 1834லும் ஆட்களை அனுப்பியது. 1823ல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியும், அதில் படித்து, 1857ல் சென்னை சர்வகலாசாலையின் முதல் பி.ஏ. பட்டதாரிகளில் ஒருவராகி, பிற்பாடு கலித்தொகையைப் பதிப்பித்த சி.வை. தாமோதரம் பிள்ளையும் இந்தக் கிளையில் வருகிறார்கள். 1862ல் சென்னையில் அச்சாகி, 67,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட மிரன் வின்ஸ்லோவின் தமிழ் – ஆங்கில அகராதியும் இங்கே சேர்ந்ததுதான். அது இன்றும் என் மேஜையில் இருக்கிறது. வின்ஸ்லோவை அனுப்பிய போர்டு அடிமை வைத்திருப்பவர்களின் காணிக்கையை மறுக்கவில்லை. அவர்களைச் சபையிலிருந்து விலக்கவும் இசையவில்லை. அதனால் மனம் கசந்த டாப்பனும் மற்றவர்களும் 1846ல் பிரிந்து தனி மிஷன் சங்கம் கண்டார்கள். வட்டுக்கோட்டையில் வானசாஸ்திரமும் ஐரோப்பியக் கணிதமும் சொல்லிக்கொடுத்த காலத்தில் பாஸ்டனில் இந்தக் கணக்கு நடந்துகொண்டிருந்தது. மிஷன் சரித்திரங்களில் இதற்குக் கிடைத்த இடம் சொற்பம்.

மேற்கு நியூயார்க்குக்குத் திரும்பலாம். எழுப்புதல் தீ திரும்பத் திரும்பப் பற்றியதால் எரிய மிச்சமில்லாத பூமி என்று அந்தப் பிரதேசத்துக்குப் பெயர் வந்தது. உண்மையில் அதில் எரிய நிறைய மிச்சமிருந்தது. 1830ல் பால்மைராவில் ஜோஸப் ஸ்மித்தின் மார்மன் வேதம் அச்சாயிற்று. 1844 அக்டோபர் 22ந் தேதி கிறிஸ்து வருவாரென்று வில்லியம் மில்லரின் சீடர்கள் இரவெல்லாம் காத்திருந்தார்கள். பொழுது வழக்கம்போல் விடிந்தது. 1848ல் ஹைட்ஸ்வில்லில் ஃபாக்ஸ் சகோதரிகளின் வீட்டில் ஆவிகள் சுவரைத் தட்டின. அதே 1848 ஜூலையில் ஸெனகா ஃபால்ஸில் பெண்ணுரிமை மகாநாடு. அதைக் கூட்டியவர்களில் முக்கியமானவர் எலிஸபெத் கேடி ஸ்டாண்டன். ட்ராய் நகரில் பள்ளி மாணவியாக ஃபின்னியின் பிரசங்கத்தைக் கேட்டு அவர் நரக பயத்தில் நிலைகுலைந்து போனார். வீட்டார் அவரை நயாகராவுக்கு அழைத்துப் போய் வேறு புத்தகங்களைப் படிக்கக் கொடுத்துத் தேற்றினார்களாம். இதை 1898ல் வெளியான சுயசரிதத்தில் அவரே சொல்கிறார். எழுப்புதலிலிருந்து சீர்திருத்தம் பிறந்தது என்று ஒரே வரியில் எழுதுகிறவர்கள் இந்தப் பெண்ணை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. சிலருக்குச் சீர்திருத்தம் ஃபின்னியிடம் தொடங்கியது. சிலருக்கு ஃபின்னியிடமிருந்து தப்பியதில் தொடங்கியது.

அடிமை ஒழிப்புக்கு எழுப்புதல் கொடுத்தது ஒரு சொல்: உடனே. படிப்படியாக விடுவிக்கலாம், ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பலாம் என்று பேசிக்கொண்டிருந்தவர்களின் நடுவில், பாவத்திலிருந்து படிப்படியாகத் திரும்ப முடியாது என்றார்கள் புதியவர்கள். இன்று ராத்திரி, இந்தப் பெஞ்சில் என்பதேதான் இதுவும். ஃபின்னியே அடிமை வைத்திருப்பவர்களுக்கு நற்கருணை மறுத்தவர். ஆனாலும் அடிமை ஒழிப்பு எழுப்புதலுக்குப் பின்னிணைப்பாக இருந்தால் போதும் என்று கருதினார். அவரால் மனந்திரும்பிய தியடோர் வெல்ட் அப்படிக் கருதவில்லை. 1834ல் ஸின்ஸினாட்டியில் லேன் செமினரியில் அவர் பதினெட்டு இரவுகள் விவாதம் நடத்தி மாணவர்களைத் திருப்பினார். நிர்வாகிகள் தடை போட, மாணவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். பலர் ஓபர்லின் கல்லூரிக்குப் போனார்கள். அந்தச் செமினரியின் தலைவர் லைமன் பீச்சர். ஸ்டோவ் அவருடைய மகள்.

வெல்ட் 1839ல் ஒரு காரியம் செய்தார். பிரசங்கத்தால் தொண்டை கெட்டுப்போயிருந்தது. மனைவி ஆஞ்ஜெலினா, மைத்துனி ஸாரா — தென்கரோலினாவில் அடிமைகள் சூழ வளர்ந்த க்ரிம்கி சகோதரிகள் — இருவரும் தெற்கத்திய தினசரிகளை ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து கத்தரித்தார்கள். ஓடிப்போன அடிமையைத் தேடி எஜமானனே கொடுத்த விளம்பரங்கள். அடையாளம் சொல்ல வேண்டுமே: முதுகில் சவுக்குத் தழும்பு, கன்னத்தில் சூடு போட்ட எழுத்து, கழுத்தில் இரும்புப் பட்டை, வெட்டுப்பட்ட காது. எஜமானர்கள் வெட்கமில்லாமல், வெட்கப்பட வேண்டுமென்றுகூடத் தோன்றாமல், தங்கள் கைவரிசையைத் தாங்களே அச்சிட்டிருந்தார்கள். அதையெல்லாம் ஒழுங்குபடுத்தி, கண்ணால் கண்டவர்களின் வாக்குமூலங்களோடு வெல்ட் வெளியிட்டார். சாட்சி என்கிற எழுப்புதல் வடிவம் இங்கே தலைகீழாகிவிடுகிறது. மனந்திரும்பாதவன் சொல்லும் சாட்சி இது. கண்ணீர் ஒரு சொட்டுக்கூட இல்லை. இலக்கியம் என்று யாரும் இதைச் சேர்ப்பதில்லை. அந்த நூற்றாண்டின் உரைநடையில் இதைவிட உக்கிரமான பக்கங்கள் குறைவு என்பேன்.

ஸ்டோவ் இதை வைத்திருந்தார். 1853ல் தம் நாவலுக்கு ஆதாரம் காட்டி எழுதிய புத்தகத்தில் இதிலிருந்து எடுத்தும் காட்டுகிறார். ஆனால் 1852ன் நாவலில் அவர் செய்தது வேறு. ஈவா என்கிற குழந்தை சாகிறாள். சுற்றியிருப்பவர்கள் அழுகிறார்கள், திருந்துகிறார்கள். டாம் சாகிறான், அவனை அடித்த இருவரும் மனந்திரும்புகிறார்கள். முன்வரிசைப் பெஞ்சை அப்படியே நாவலுக்குள் கொண்டுவந்து போட்டுவிட்டார். முதல் வருஷத்தில் அமெரிக்காவில் மட்டும் 3,00,000 பிரதிகள் விற்றது, ஜனங்களை அசைத்தது, அதைக் குறைத்துச் சொல்ல நான் யார்? ஆனால் வாசகனிடம் அது கேட்பது கண்ணீரை மட்டும். அழுது முடித்ததும் கடமை முடிந்துவிட்ட உணர்வு வருகிறதே, அங்கேதான் அதன் தோல்வி. கொள்கை இருந்ததால் நாவல் கெட்டது என்பவர்கள் நோயைத் தவறாகப் பார்க்கிறார்கள். கடன் வாங்கிய அச்சில் வார்த்ததால் கெட்டது. அவருடைய கோபம் அசல். அச்சு தகப்பனார் வீட்டுச் சொத்து.

எமர்ஸனையும் தோரோவையும் வேகமாகக் கடக்கலாம். 1832ல் பாதிரி வேலையை விட்ட எமர்ஸன், 1838ல் ஹார்வர்ட் இறையியல் மாணவர்களிடம் பேசிய பேச்சுக்குப் பிறகு ஏறக்குறைய முப்பது வருஷம் அந்த வாசல் மூடப்பட்டது. சீர்திருத்தக்காரர்களைப் பற்றி அவருக்குக் கிண்டல் உண்டு. ஆனால் அவர் வாக்கியத்தைக் காதில் வாங்கிப் பாருங்கள். 'நீ' என்று விளிக்கிறது, இப்போதே என்கிறது, காத்திருப்பதே குற்றம் என்கிறது. கிறிஸ்துவை விலக்கிவிட்ட ஃபின்னி. தோரோ தமக்கு நல்லது செய்ய ஒருவன் வருகிறானென்றால் ஓட்டம் பிடிப்பேன் என்று எழுதியவர். அவர் வீட்டுப் பெண்களோ கன்கார்டு அடிமை ஒழிப்புச் சங்கத்தின் அங்கத்தினர்கள். 1846ல் வரி கட்டாமல் ஓரிரவு சிறையில் இருந்ததும், 1859ல் ஜான் பிரவுனுக்காக ஊர் வாயடைத்து நின்றபோது எழுந்து பேசியதும் அந்த வீட்டின் காற்றில் வளர்ந்தவைதான். குளக்கரை தனிமையானது அல்ல.

ஹாதர்னுக்கு வருகிறேன். 1841 ஏப்ரலில் ஜார்ஜ் ரிப்ளி தொடங்கிய ப்ரூக் ஃபார்ம் கூட்டுப்பண்ணையில் 1,000 டாலர் போட்டுச் சேர்ந்து, எரு வாரிப் போட்டுப் பார்த்து, அந்த வருஷமே வெளியேறியவர். 1844ல் எழுதிய ஒரு கதையில் சீர்திருத்தக்காரர்கள் வெட்டவெளியில் தீ மூட்டி, பட்டங்கள், மது, ஆயுதங்கள், தூக்குமரம், புத்தகங்கள் என்று உலகத்தின் குப்பையையெல்லாம் எரிக்கிறார்கள். மனிதனின் இதயத்தை மட்டும் எரிக்க மறந்துவிட்டார்கள் என்று ஒருவன் சிரிக்கிறான். 1852ன் ப்ளைத்டேல் நாவலில் இது இன்னும் கூர்மை பெறுகிறது. குற்றவாளிகளைத் திருத்தவென்றே பிறந்தவனான ஹாலிங்ஸ்வொர்த் எதிரே வரும் எல்லோரையும் தன் திட்டத்துக்கு விறகாக்குகிறான். ஸெனோபியா நீரில் மூழ்கிச் சாகிறாள். கடைசியில் எத்தனை குற்றவாளிகளைத் திருத்தினாய் என்று கேட்டால், ஒரே ஒரு கொலைகாரனோடேயே போராடிக்கொண்டிருப்பதாகத் தன்னைக் குறித்துச் சொல்கிறான். லட்சியவாதியின் உள்ளே இருக்கும் கொடுங்கோலனை இவ்வளவு துல்லியமாகப் பார்த்தவர்கள் அபூர்வம். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அதே 1852ல் ஹாதர்ன் இன்னொரு புத்தகமும் எழுதினார். கல்லூரித் தோழர் ஃப்ராங்க்ளின் பியர்ஸ் ஜனாதிபதித் தேர்தலுக்கு நின்றபோது அவருக்கான பிரசார வாழ்க்கை வரலாறு. அதில் அடிமைமுறையைப் பற்றி அவர் சொல்வது இது: மனித யத்தனத்தால் தீராத தீமைகளில் அதுவும் ஒன்று, தெய்வ சித்தம் தன் நேரம் வரும்போது அதைக் கனவைப்போல் கலைத்துவிடும். மறு வருஷம் லிவர்ப்பூல் தூதராக நியமனம் கிடைத்தது. இரண்டு புத்தகங்களையும் அடுத்தடுத்துப் படித்தால், நாவலின் கதைசொல்லியான கவர்டேல், மரக்கிளைகளின் மறைவிலும் விடுதியின் ஜன்னலோரத்திலும் நின்று மற்றவர்களின் வேதனையை வேடிக்கை பார்ப்பதில் ஒரு புதிய அர்த்தம் தெரிகிறது. கவர்டேலின் அந்தரங்க வெறுமையை ஹாதர்ன் பரிகசிக்கவும் செய்கிறார் என்பது உண்மை. ஆனால் அதற்கு மாற்றாக நிற்கக்கூடிய ஒரு இடம் அவருக்குத் தெரியவில்லை. விலகி நின்று பார்ப்பதே கலைஞனின் நேர்மை என்பதற்கு அவரைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் பியர்ஸ் புத்தகத்தையும் சேர்த்து அழைக்க வேண்டும்.

வேறொரு இடம் இருந்தது. அதில் நின்றவர் ஃப்ரெடரிக் டக்ளஸ்.

1845ல் வெளியான முதல் சுயசரிதத்தில், 1832 ஆகஸ்டில் மேரிலாண்டில் தம் எஜமானன் தாமஸ் ஆல்ட் ஒரு மெதடிஸ்ட் கூடாரக் கூட்டத்தில் மனந்திரும்பியதைச் சில வரிகளில் சொல்கிறார். இனி அடிமைகளை விடுவிப்பான், அல்லது கொஞ்சமாவது இரக்கம் காட்டுவான் என்று அந்தப் பையனுக்கு ஒரு ஆசை. நடந்தது வேறு. ஆல்ட் முன்பு கொடூரமானவனாக மட்டும் இருந்தான். இப்போது கொடுமைக்கு வேத வசனம் கிடைத்தது. கை ஊனமான ஒரு இளம்பெண்ணைக் கட்டி வைத்து, வசனம் சொல்லிச் சொல்லி அடிப்பான். 1845ல் டக்ளஸுக்கு அவசரம் இருந்தது. வழக்கைச் சொல்ல வேண்டியிருந்தது. புத்தகத்தின் இறுதியில் கிறிஸ்துவின் மதம் வேறு, இந்தத் தேசத்தின் மதம் வேறு என்று ஒரு பின்னுரையும் எழுதினார். நல்ல வாதம், மேடையில் பழகிய குரல்.

பத்து வருஷம் கழித்து, 1855ல், இரண்டாவது புத்தகத்தில் அதே கூட்டத்துக்குத் திரும்புகிறார். இப்போது காட்சி முழுக்கத் தெரிகிறது. வட்டமாகக் கூடாரங்கள், அதற்குப் பின்னால் வண்டிகள். பிரசங்க மேடைக்கு எதிரே வைக்கோல் பரப்பிய ஒரு அடைப்பு, அழுகிறவர்கள் மண்டியிட. மேடைக்குப் பின்புறம் ஒடுக்கமாக ஒரு இடம், கறுப்பர்களுக்கு அதுதான். அவர்கள் அடைப்புக்குள்ளும் வரக்கூடாது, மேடைக்கு முன்னாலும் வரக்கூடாது. பையன் என்ன செய்கிறான்? வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையே பாதி தூரத்தில், எதிலும் சேராத ஓரிடத்தில் துணிந்து போய் நிற்கிறான். அங்கிருந்து அடைப்பு தெளிவாகத் தெரியும். எஜமானன் உள்ளே போகிறான். முகம் சிவந்திருக்கிறது, தலைமயிர் கலைந்திருக்கிறது, முனகுகிறான். கன்னத்தில் ஒரே ஒரு கண்ணீர்த்துளி. அது எந்தப் பக்கம் போவதென்று தெரியாததுபோல் பாதியில் நிற்கிறது. பையனுக்குச் சந்தேகம் வருகிறது.

பெஞ்சு போட்ட நாளிலிருந்து அமெரிக்க எழுத்தைத் தொந்தரவு செய்துகொண்டிருந்த கேள்வியை அந்தத் துளி தாங்கிக்கொண்டிருக்கிறது. ஸ்டோவ் அதைத் துளியாகப் பார்த்திருக்கமாட்டார், வெள்ளமாக்கியிருப்பார். ஹாதர்னுக்கு அது மனித சுபாவம் பற்றிய ஒரு கசப்பான குறிப்பாகியிருக்கும். டக்ளஸ் அதை ஹாதர்ன் அளவுக்கு நுட்பமாகத்தான் பார்க்கிறார். ஏன், பரிகாசம்கூட இருக்கிறது. ஆனால் அந்தத் துளி நிஜமா பொய்யா என்பதில் அந்தப் பதினான்கு வயதுப் பையனின் முதுகுத்தோல் அடங்கியிருக்கிறது. கவர்டேல் ஜன்னலை மூடிவிட்டு விருந்துக்குப் போகலாம். இவன் எங்கும் போக முடியாது. ஐந்து மாதத்தில் ஆல்ட் இவனை அடிமைகளை முறிப்பதில் பேர்போன கோவி என்பவனிடம் வருஷ வாடகைக்கு விட்டான். கோவியும் மெதடிஸ்ட் சபையில் வகுப்புத் தலைவன். பற்று பார்வையை மறைக்கும் என்பவர்களிடம் இந்தப் பக்கங்களைக் காட்டத் தோன்றுகிறது. இங்கே பார்வை கூர்மையானதற்குக் காரணமே தலைபோகிற பற்றுதான். கண்ணீரைச் சரியாகப் படிக்காவிட்டால் அவன் தொலைந்தான்.

இதோடு முடியவில்லை. 1877ல் டக்ளஸ், அப்போது கொலம்பியா மாவட்டத்தின் மார்ஷல், செயின்ட் மைக்கேல்ஸுக்குப் போய்ப் படுக்கையில் கிடந்த ஆல்டைப் பார்க்கிறார். 1881ல் வந்த மூன்றாவது புத்தகத்தில் அதை எழுதியிருக்கிறார். கைகுலுக்கும்போது கிழவர் அழுகிறார். அங்கேயும் டக்ளஸ் அந்தக் கண்ணீரைப் பார்க்கிறார். பாரிசவாயுக்காரர்களுக்கு உணர்ச்சி மேலிட்டால் இப்படி வரும் என்று குறித்துக்கொள்கிறார். அவர் குரலில் கோபம் இல்லை. தமக்கும் பேச்சு அடைத்துவிட்டதை மறைக்கவும் இல்லை. நாற்பத்தைந்து வருஷம் கழித்தும் அந்த மனிதரின் கண்ணீருக்கு அவர் உடனே ரசீது கொடுத்துவிடவில்லை. வாசகர்களில் சிலருக்கு இந்தச் சமாதானம் பிடிக்கவில்லை. மூன்றாவது புத்தகமே தளர்ந்த புத்தகம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. தளர்ச்சி உண்டு, நீளம் உண்டு. இந்த ஒரு பக்கத்துக்காக அதை வைத்துக்கொள்ளலாம்.

எமிலி டிக்கின்ஸனைப் பற்றி ஒரு வார்த்தை. 1847–48ல் அவர் மவுண்ட் ஹோலியோக் செமினரியில் மாணவி. பெண்களை மிஷன் வேலைக்கு அனுப்புவதில் பெயர்பெற்ற இடம். தலைவி மேரி லியன் மாணவிகளை மூன்றாகப் பிரித்து வைத்திருந்தார்: விசுவாசத்தை அறிக்கையிட்டவர்கள், நம்பிக்கை உள்ளவர்கள், நம்பிக்கை இல்லாதவர்கள். கூட்டத்துக்கு மேல் கூட்டம் நடந்தும் டிக்கின்ஸன் மூன்றாவது வரிசையிலேயே இருந்து வீடு திரும்பினார். 1850ல் ஆம்ஹர்ஸ்டில் எழுப்புதல் வந்தபோது தகப்பனாரும் தங்கை லவினியாவும் சபையில் சேர்ந்தார்கள், பிறகு அண்ணனும். அவர் சேரவில்லை. ஆனால் அந்தச் சபையின் பாட்டுப் புத்தகத்தில் கண்ட அளவுகளை, எட்டும் ஆறுமாக மாறி மாறி அசைகள் வரும் ஐஸக் வாட்ஸின் யாப்பை, அவர் கடைசிவரை விடவில்லை. 1886ல் அவர் இறந்த பிறகு பெட்டியைத் திறந்து, நூல் கோத்துத் தைத்த கையெழுத்துக் கட்டுகளை வெளியே எடுத்தது லவினியாதான்.